விளக்கம் எழுதாத கட்டம்

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்கு ஒரு குறையும் வராது. அவரைத் தெரிந்த நாலு பேர் “அடடா, அவரா!” என்று இன்னொரு சுற்றுப் பாராட்டத் தொடங்கிவிடுவார்கள். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

அபுதாபிப் பக்கம் ருவைஸில் எங்கள் ஒப்பந்தக் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்புக்கு அவர் வந்தபோது எனக்கு அங்கே ஒன்பதாவது வருஷம். நான் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். அவர் ஃபயர் வாட்ச். எண்ணெய் சுத்திகரிக்கும் பிளாண்ட்டுக்குள் எங்காவது வெல்டிங் நடந்தால், பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டரை வைத்துக்கொண்டு, பொறி எங்கே விழுகிறது என்று பார்த்தபடி நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. படிப்போ கைத்தொழிலோ தேவையில்லை. பத்து மணி நேரம் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும். சம்பளத்தில் என்னில் பாதிகூட வராது.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆளைப் பார்த்து நான் வயிறெரிந்தேன் என்றால் அதில் எவ்வளவு அவமானம் இருக்கிறது என்று தெரிய வேண்டுமே.

அவர் வரும்வரை கேம்ப்பில் எதற்கெடுத்தாலும் நான்தான். லீவு லெட்டர் எழுதுவது, கேம்ப் பாஸிடம் இந்தியில் பேசி ஏசியை மாற்ற வைப்பது, டிசம்பரில் ஜெபக்கூட்டம் நடத்தி கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டுவது எல்லாம் என் பொறுப்பு. “சேவியர் அண்ணன்ட்ட கேளு” என்பது கேம்ப்பில் அன்றாடம் கேட்கும் வாக்கியம். அவர் வந்து மூன்றே மாதத்தில் அது “ஃபயர் வாட்ச் அண்ணன்ட்ட கேளு” என்று மாறிப்போனது.

அவர் புதுக்கோட்டைப் பக்கம். ஊரில் தாலுகா ஆபீஸில் ஆறு வருஷம் தற்காலிக எழுத்தராக இருந்தவர். மனுக்களை வாங்கி, எண் போட்டு, பதில் அனுப்புகிற பிரிவு. நிரந்தரம் ஆகும் என்று காத்திருந்து ஆகாமல் இங்கே வந்தார். வரும்போது அந்த ஆபீஸையும் கூடவே கொண்டுவந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். அட்டை போட்ட நீளமான பதிவேடு ஒன்று அவர் கட்டிலுக்கடியில் இருந்தது. வரிசை எண், நாள், நேரம், பார்த்தவர், விவரம், வகை, விளக்கம் என்று ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டியிருப்பார். அதில் அவர் பதிந்தது, வானத்தில் யாராவது எதையாவது பார்த்து “அது என்னன்னு தெரியலையே” என்று சொன்னால், அதைத்தான்.

பறக்கும் தட்டு என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. “தட்டுன்னா சோறுதான் தம்பி ஞாபகம் வருது. அடையாளம் தெரியாததுன்னு சொல்லுங்க. அதான் அரசாங்கத்துச் சொல்லு” என்பார்.

தம்பி! என்னைவிட இரண்டே வயது மூத்தவர். கிரேடில் எனக்கு நாலு படி கீழே. கேம்ப்பில் எல்லாரும் என்னை அண்ணன் என்றபோது, அவர் ஒருவர் வாயில்தான் நான் தம்பி. பதிலுக்கு நான் அவரை எப்படியும் கூப்பிட்டதில்லை. எங்கள் குமரிப் பக்கத்தில் அண்ணாச்சி என்று அருமையான ஒரு சொல் இருக்கிறது. அதை அவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கிறுக்கு அவருக்கு எப்படிப் பிடித்தது என்றால், அரசாங்கக் கோப்புகள் வழியாகத்தான். வானத்தில் விசித்திரம் பார்த்ததாக மக்கள் கொடுத்த புகார்களை வெளிநாட்டு அரசாங்கங்கள் பல வருஷம் விசாரித்திருக்கின்றன. அந்தக் கோப்புகளை இப்போது பொதுவில் திறந்து வைத்திருக்கிறார்கள். யாரும் போனில் படிக்கலாம். இவர் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஒவ்வொரு பக்கமாக, தெரியாத வார்த்தையைப் போனிலேயே மொழிபெயர்த்துப் படிப்பார். அங்கே அவர் வேற்றுக் கிரகத்தைத் தேடவில்லை. தன்னைப் போன்ற குமாஸ்தாக்களைத் தேடினார்.

“அமெரிக்காவுல இருவது வருசத்துக்கு மேல விமானப்படைக்காரவுக உக்காந்து விசாரிச்சிருக்காக தம்பி. பன்னெண்டாயிரத்துச் சொச்சம் மனு. அதுல எழுநூறுச் சொச்சம் போக மிச்சத்துக்கெல்லாம் ஏதோ ஒரு காரணம் எழுதிப்புட்டாக. வெள்ளி கிரகம், பலூனு, விமானம், எரிகல்லுன்னு” என்பார், மெஸ்ஸில் குபூஸ் ரொட்டியைப் பிய்த்தபடி. “இங்கிலாந்துல ஒரே ஒரு மேசை. ஒண்ணு ரெண்டு ஆளு. ஆடு மேய்க்கிறவர்ல இருந்து போலீஸ்காரர் வரைக்கும் எழுதுன கடுதாசிக்குப் பதில் போயிருக்கு. பொறகு அந்த மேசையவும் மூடிப்புட்டாக. பிரெஞ்சுக்காரவுகதான் இன்னும் விடாம நடத்துறாக. அமெரிக்காவுலயும் இப்பத் திரும்ப ஒரு ஆபீஸத் தொறந்திருக்காகளாம்.”

சுற்றி பத்துப் பேர் வாயைப் பிளந்து கேட்பார்கள். அந்தப் பத்துப் பேரும் ஒரு காலத்தில் என் மேசையில் உட்கார்ந்தவர்கள்.

பிரெஞ்சு அலுவலகம் வைத்திருக்கும் நாலு வகையை அவர் அப்படியே எடுத்துக்கொண்டு தமிழ் எழுத்தில் போட்டிருந்தார். ‘அ’ என்றால் இன்னதென்று சந்தேகமில்லாமல் தெரிந்தது. ‘ஆ’ என்றால் அநேகமாகத் தெரிந்தது. ‘இ’ என்றால் விவரம் போதாது. ‘ஈ’ என்றால் எல்லா விவரமும் இருந்தும் தெரியவில்லை. விசாரணை முடிந்ததும் பிளாண்ட்டில் வேலைக்கு அனுமதி தரும் பழைய பெர்மிட் தாளின் பின்பக்கத்தைக் கிழித்து, அதில் ஆபீஸ் தமிழில் பதில் எழுதி, பார்த்தவன் கையில் கொடுத்துவிடுவார். பீகார்க்காரனாக இருந்தால் இந்தியில் வாசித்துக் காட்டுவார். “மனு குடுத்தவனுக்குப் பதில் போயே ஆகணும்” என்பது அவர் வேதம்.

ஒருமுறை கோரக்பூர் வெல்டர் ஒருவன், வானத்தில் ரயில் போனதாக அலறிக்கொண்டு வந்தான். விளக்கு விளக்காக ஒரே வரிசையில் போனதாம். நான் “ராத்திரி என்ன குடிச்ச?” என்று கேட்டுச் சிரித்தேன். அவர் அவனைக் கட்டிலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். கையை நீட்டச் சொல்லி, முஷ்டி பிடிக்கச் சொல்லி, அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரம் என்று கேட்டார். எந்தப் பக்கம் தோன்றி எந்தப் பக்கம் மறைந்தது, நூறு எண்ணுவதற்குள் போய்விட்டதா, சத்தம் வந்ததா, பக்கத்தில் வேறு யார், புகைபோக்கியோ கோபுரமோ மின்கம்பியோ அருகில் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். “இங்கிலாந்து பாரத்துல இந்தக் கேள்வி இருக்கு தம்பி. நம்ம ஊர்லதான் பதில் சொல்றது கஷ்டம். எல்லாமே பக்கத்துல இருக்கு” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். கடைசியில் ஒரு கேள்வி. அது எந்த அரசாங்கப் பாரத்திலும் இல்லை, அவரே சேர்த்தது. “அந்த நேரம் உங்க மனசு எப்படி இருந்துச்சு?”

அன்று காலையில் ஊரில் தன் தம்பி இறந்த செய்தி வந்ததை வெல்டர் சொன்னான். ஒரே தளத்தில் தங்கியிருந்தும் எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

இரண்டு நாள் கழித்துச் சீட்டு போனது. வரிசையாக ஏவப்பட்ட செயற்கைக்கோள்கள், வகை ‘அ’, அடுத்து தெரியப்போகும் நாளும் நேரமும் இன்னது. அந்த நேரத்தில் இருபது பேர் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். சொன்ன நிமிஷத்துக்கு அது வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நான் அறைக்குள் படுத்துக்கொண்டு கைதட்டலை மட்டும் கேட்டேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மனைவி ஜெனிட்டா விஷயத்தில்தான் என்னால் முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நான் அவளுடன் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது அவர் பின்னால் நடந்து போனார். அவரைப் பற்றி நானே அவளிடம் கேலியாகச் சொல்லியிருந்தேன்.

“கேட்டியளா, அந்த அண்ணனா அது? போனை அவியகிட்ட குடுங்க” என்றாள்.

“எதுக்கு?”

“குடுங்கன்னா குடுங்க.”

கொடுத்தேன். அவள் பத்து வயதில் கடற்கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், கடலுக்கு மேலே வெள்ளையாக ஒரு வெளிச்சம் தோன்றி, பாலில் மை விழுந்ததுபோல் விரிந்து, இளஞ்சிவப்பாகிக் கரைந்து போனதைச் சொன்னாள். அம்மா பயந்துபோய்த் தரையில் மண்டியிட்டு ஜெபம் சொன்னாளாம். நாற்பது நிமிஷம் பேசினாள். அவர் முஷ்டிக் கணக்கெல்லாம் கேட்டார். மனசு எப்படி இருந்தது என்றும் கேட்டார். “சந்தோசமா இருந்துச்சுண்ணே. எல்லாரும் பயந்தாவ, எனக்கு மட்டும் சந்தோசமா இருந்துச்சு” என்று அவள் சொன்னதை, பக்கத்துக் கட்டிலில் அந்நியனைப் போல உட்கார்ந்து கேட்டேன்.

கல்யாணமான முதல் வருஷம் இதே கதையை என்னிடமும் தொடங்கியிருக்கிறாள். “கோயில் கொடைக்கு வாணம் விட்டுருப்பானுவ” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். அதன்பிறகு பதினாறு வருஷத்தில் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அவளுக்கும் சீட்டு போனது, போட்டோ எடுத்து வாட்ஸப்பில். ‘அம்மையீர், தாங்கள் கண்டது தும்பாவிலிருந்து வானிலை ஆராய்ச்சிக்காக ஏவப்பட்ட சிறு ராக்கெட் மேலே வெளியிட்ட ஆவியாக அநேகமாக இருக்கலாம். வகை: ஆ.’ அவள் அதைக் கடையில் பிரின்ட் எடுத்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள். நான் அவளுக்கு முதன்முதலில் எழுதிய கடிதம் எங்கே என்று கேட்டால், “எங்கயாவது கெடக்கும்” என்பாள்.

அவருக்குக் கோபம் வந்து நான் ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். அதுவும் ஒரு பழைய கோப்பு பற்றி. அமெரிக்காக்காரர்கள் அந்தக் காலத்தில் ரொம்ப உயரத்தில் ஒரு வேவு விமானத்தைப் பறக்கவிட்டார்களாம். சாயங்காலம் கீழே இருட்டிய பிறகும் அவ்வளவு உயரத்தில் வெயில் இருக்குமாதலால் அது தீப்பிடித்ததுபோல் மின்னும். பார்த்தவர்கள் எழுதிப் போட்டார்கள்.

“விசாரிச்ச ஆபீசருக்கு அது எந்த விமானம்னு தெரியும் தம்பி. கணக்குப் பாத்துச் சரிங்கிறாரு. ஆனா பதில்ல என்ன எழுதுறாரு? பனித்துகளு, காத்துல வெப்பம் மாறுனதுன்னு எழுதுறாரு. தெரியலன்னா தெரியலன்னு எழுதலாம், அதுல அவமானமில்ல. தெரிஞ்சு வச்சுக்கிட்டு மறைச்சா கண்ணால பாத்தவனையில்ல பைத்தியக்காரனாக்குறோம்? நான் அந்த நாக்காலியில இருந்தா ஒருநாளும் செய்ய மாட்டேன்.”

“நாட்டு ரகசியம்னா பின்ன என்ன செய்வாவ? ஊரக் கூட்டிச் சொல்லுவாவளா?” என்றேன்.

“அப்ப பதில் எழுதுற நாக்காலியில உக்காரக் கூடாது” என்று சொல்லித் தட்டைக் கழுவப் போய்விட்டார்.

இனி ஸ்டார் கதை.

எங்கள் கடற்கரையில் டிசம்பர் வந்தால் வீட்டுக்கு வீடு காகித ஸ்டார் ஏறும். எவன் வீட்டு ஸ்டார் உயரம் என்பதில் ஒரு மௌனப் போட்டி நடக்கும். கேம்ப்பிலும் வருஷாவருஷம் மெஸ் மொட்டைமாடியில் கம்பம் நட்டு ஸ்டார் ஏற்றுவது நான்தான். அந்த வருஷம் அட்மின் அதிகாரி, கூரையில் கம்பமோ ஒயரோ கூடாது என்று சொல்லிவிட்டார். எனக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. கேம்ப்பில் எனக்கென்று மிஞ்சியிருந்தது அந்த ஸ்டார் ஒன்றுதானே.

யாரிடமும் சொல்லவில்லை. கடைத்தெருவில் பிறந்தநாள் சாமான் விற்கும் கடையில் கேஸ் அடைத்த பெரிய பலூன்கள் எட்டு வாங்கினேன். சிவப்புத் தாள் ஸ்டாருக்குள் பேட்டரி விளக்கு வைத்தேன். மீன் பிடிக்கிற தங்கூசி நரம்பில் கட்டி, மாடித் தொட்டிக் குழாயில் முடிச்சிட்டேன். கம்பமும் ஒயரும் இல்லாமல் ஸ்டார் தானாக ஆகாயத்தில் நிற்கும், ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து அசந்துபோவார்கள் என்பது திட்டம். முடிச்சு என் அப்பா வலைக்குப் போடும் முடிச்சு. பை, திரைச்சீலை, தண்ணீர் கேன் எல்லாவற்றுக்கும் நான் அதைத்தான் போடுவேன். ஒருமுறை அவரே அதை உற்றுப் பார்த்து, “இது புதுசா இருக்கே தம்பி” என்று கேட்க, பெருமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

வலைக்கயிற்றில் அசையாத முடிச்சு வழுவழுப்பான குழாயில் நழுவியது. மீனவன் மகன் கட்டிய முடிச்சு! சாயங்காலம் ஆறு மணி, மக்ரிப் தொழுகைக்கான பாங்கு முடிந்த நேரம். ஸ்டார் என் கண்முன் கிளம்பி, தென்காற்றில் பிளாண்ட் பக்கமாகப் போனது. அதே நேரத்தில் டூட்டி முடிந்த இரண்டு பஸ்கள் வாசலில் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. சத்தமில்லாமல் ஒரு சிவப்பு வெளிச்சம் சுற்றிச் சுற்றி மேலே ஏறி, பிளாண்ட்டின் மிச்ச வாயு எரிகிற ஃபிளேர் உயரத்தைத் தாண்டிப் போனதை நாற்பது பேர் பார்த்தார்கள். நான் படியிறங்கி வந்து கூட்டத்தோடு நின்று, நானும் அண்ணாந்து பார்த்தேன்.

அந்த வாரம் அவருக்குத் தூக்கமில்லை. நாற்பது பேரையும் தனித்தனியாக விசாரித்தார். கட்டம் போட்ட தாளில் கேம்ப், பிளாண்ட், வெளிச்சம் போன பாதை எல்லாம் அம்புக்குறியோடு வரைந்தார். என்னையும் கூப்பிட்டார்.

“எங்க நின்னு பாத்தீக தம்பி?”

“மெஸ் வாசல்ல.”

“மொத மொத எங்க தெரிஞ்சுச்சு?”

“கெழக்க எங்கயோ. சரியா நெனவில்ல.”

“மனசு எப்படி இருந்துச்சு?”

“ஒண்ணுமில்ல” என்றேன்.

என் முகத்தையே பார்த்தார். பேனாவை மூடினார். “சரி தம்பி” என்றார். நான் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடிக்கிற மகராசன், இதைக் கண்டுபிடிக்கட்டும் பார்க்கலாம்.

ஜனவரி நடுவில் அட்மின் அதிகாரி என்னைக் கூப்பிட்டனுப்பினார். லக்னோக்காரர், அதட்டிப் பேசாதவர். மேசையில் அந்தப் பதிவேடு கிடந்தது. பிளாண்ட் பாதுகாப்புப் பிரிவும் அந்தச் சிவப்பு வெளிச்சத்தை விசாரித்துக்கொண்டிருந்தது. ஃபயர் வாட்ச் ஒருவர் பிளாண்ட்டுக்கு மேலே எது எந்தத் திசையில் பறக்கிறது என்று நேரம் குறித்துப் படம் வரைந்து வைத்திருக்கிறார் என்ற செய்தி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அவரை வெளியே நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும், “வாங்க தம்பி. நீங்கதான் வாசிக்கப் போறீகளா? நல்லதாப் போச்சு” என்றார்.

அதிகாரி எனக்கு நாற்காலி போட்டார். “சேவியர் பாய், இவன் நல்ல ஆள் என்று எனக்குத் தெரியும். கேட்டால், எல்லாம் அதில் எழுதியிருக்கிறது என்று மட்டும் சொல்கிறான். பிளாண்ட்காரர்களுக்கு ஒன்றுதான் வேண்டும். அந்த வெளிச்சம் என்னவென்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது, கலாஸ். தெரியவில்லை என்றால், படம் வரைந்தவனை நான் வைத்துக்கொண்டிருக்க முடியாது. வாசித்துச் சொல்லுங்கள்” என்று இந்தியில் சொன்னார்.

பக்கம் பக்கமாக வாசித்தேன். செயற்கைக்கோள், வெள்ளி, தூசிக்குள் தெரிந்த நிலா, கப்பல் விளக்கு. அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. “அரே, யே தோ அச்சா ஆத்மி ஹை” என்றார், நல்ல மனுஷனாச்சே என்று. பிறகு அந்தப் பக்கம் வந்தது. நாற்பது பெயர்கள். நேரம், திசை, முஷ்டிக் கணக்கு, ஒன்றும் விடவில்லை. வகை என்ற கட்டத்தில் தெளிவாக, பெரிதாக, ‘அ’. சந்தேகமில்லாமல் தெரிந்தது. பக்கத்தில் விளக்கம் என்ற கட்டம் காலி.

முன்பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். அந்தப் பதிவேட்டில் எங்குமே விளக்கம் இல்லாத ‘அ’ கிடையாது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து, எழுதாமல் விட்டிருக்கிறார். அந்த நாற்காலியில் இருந்தால் ஒருநாளும் செய்ய மாட்டேன் என்று சொன்னதை எனக்காகச் செய்திருக்கிறார்.

“க்யா லிகா ஹை?” என்ன எழுதியிருக்கிறது என்றார் அதிகாரி.

என் ஸ்டார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என் வேலை போயிருக்கும். அந்தப் பயம் உண்மை. ஆனால் பயம் பாதிதான். மீதிப் பாதியை மறைத்து எழுதினால் இதை எழுதுவதில் அர்த்தமே இல்லை. கேம்ப், மெஸ் மேசை, என் மனைவியின் கடற்கரை என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்ட ஆள், கடைசியில் என்னை மன்னிக்கிற உரிமையையும் எடுத்துக்கொண்டாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“தெரியவில்லை என்று எழுதியிருக்கிறது சார்” என்றேன்.

அதிகாரி பதிவேட்டை மூடினார்.

ஐந்தாவது நாள் அவருக்கு விசா கேன்சல். ஊரில் அவர் மகள் கல்லூரியில் இரண்டாவது வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். வேன் வந்தபோது கேம்ப்பே வாசலில் நின்றது. கோரக்பூர் வெல்டர் அழுதான். அவர் மிச்சமிருந்த பதில் சீட்டுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தார். கடைசியாக என் கையில் ஒரு மடித்த தாளை வைத்தார்.

“தெரியலன்னு எழுதியிருக்குன்னு வாசிச்சீகளாம்ல. ஆபீசர் சொன்னாரு” என்றார். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “உடம்பப் பாத்துக்கங்க தம்பி. ஜெனிட்டாவ விசாரிச்சேன்னு சொல்லுங்க.”

அறையில் பிரித்துப் பார்த்தேன். பெர்மிட் தாளின் பின்பக்கம்தான்.

‘ஐயா, கிறிஸ்துமஸ் வாரத்தில் காணப்பட்ட சிவப்பு வெளிச்சம் தொடர்பாகத் தங்களிடமிருந்து மனு ஏதும் இதுவரை வரப்பெறவில்லை. வரப்பெறின் பரிசீலிக்கப்படும். இணைப்பு: ஒன்று.’

குண்டூசியில் குத்தியிருந்தது ஒரு சிவப்புத் தாள் துண்டும், அதைச் சுற்றிய இரண்டு அங்குலத் தங்கூசியும், அதில் என் அப்பாவின் முடிச்சும். பிளாண்ட்டில் சாரக்கட்டுக் குழாய்கள் அடுக்கிய இடத்தில் எங்கேயோ கிடந்ததைப் பார்த்து எடுத்திருப்பார். பத்து மணி நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்கிற வேலை என்று நான் இளக்காரமாகச் சொன்னேனே, அந்தக் கண்தான் இதைக் கண்டது.

அதன்பிறகு கேம்ப் மறுபடியும் என்னிடம் வந்தது. போன மாதம் ஒரு தஞ்சாவூர்ப் பையன் வந்து, வானத்தில் பச்சையாக ஏதோ விழுந்தது என்றான். “எரிகல்லு” என்றேன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். அவன் இன்னும் ஏதோ சொல்ல நின்றுவிட்டுப் போய்விட்டான். ஜெனிட்டா அந்த அண்ணன் எங்கே என்று கேட்டபோது, கான்ட்ராக்ட் முடிந்தது என்று சொன்னேன். அவர் எட்டு மாதம் ஊரில் சும்மா இருந்துவிட்டு இப்போது சவூதியில் தம்மாமில் ஃபயர் வாட்சாக இருக்கிறாராம். அங்கேயும் பதிவேடு தொடங்கிவிட்டாராம். தம்மாம்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று வெல்டர் சொன்னான். அதைக் கேட்டும் எனக்கு எரிந்தது.

இன்று காலை, அந்த வெளிச்சம் என் ஸ்டார்தான் என்று இந்தியில் எழுதிய ஒரு தாளை அட்மின் அதிகாரியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் இரண்டுமுறை படித்துவிட்டு, உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. இது தமிழில், தம்மாமுக்கு.

அண்ணாச்சி, மனு அனுப்புகிறேன். நேரம், சாயங்காலம் ஆறு. இடம், மெஸ் மொட்டைமாடி. வாசல் என்று சொன்னது பொய். திசை, தெற்கிலிருந்து வடக்கே. சத்தமில்லை. பக்கத்தில் வேறு யாருமில்லை. மனசு எப்படி இருந்தது என்று கேட்டீர்களே. அது கைநழுவி மேலே ஏறியபோது, அழகாக இருந்தது அண்ணாச்சி, கத்தி எல்லாரையும் கூப்பிட வேண்டும்போல இருந்தது. வாயைத் திறந்தேன். அப்போது பஸ்ஸிலிருந்து யாரோ உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மூடிக்கொண்டேன்.